சீனியர் சொல்லாத பிரமாணம்

எங்கள் ஆபீஸை நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு என் திறமை ஒன்றும் காரணமில்லை. மிச்சமிருந்த வக்கீல் நான் ஒருத்திதான். சித்தூர் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை. சீனியர், அவருக்குக் கீழே ஜூனியர்கள் இரண்டு பேர், ஒரு குமாஸ்தா, டைப் அடிக்கிற ஒரு பெண். ஆபீஸ் என்பது அவ்வளவுதான். ஜூனியர்களில் ஒருவன் எனக்கு முன்னால் சேர்ந்தவன். இன்னொருத்தி நான். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நான் பஸ் ஏறினால் கண்டக்டர் முதற்கொண்டு சிரிப்பான். சீனியர் சிரிக்கவில்லை. சேர்ந்த அன்றே ஒரு கேஸ் கட்டைக் கையில் திணித்து, "போய் வாய்தா வாங்கிட்டு வா, இங்க நின்னு என்னைப் பாத்தா வக்கீல் ஆயிடுவியா?" என்றார்.

எல்லோரும் எங்காவது ஓடிக்கொண்டிருந்த காலம் அது. படித்தவன் அமெரிக்காவுக்கு ஓடினான். படிக்காதவன் சென்னைக்கும் பெங்களூருக்கும் சாந்துச் சட்டி தூக்க ஓடினான். அவர்கள் காலி செய்த ஊர்களுக்குக் கம்பெனிகள் ஓடி வந்தன. மலையை அறுத்து வெளிநாட்டுக்குக் கல் அனுப்புகிற கம்பெனிகள். திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகும் சாலையில் புதிது புதிதாகப் பலகைகள் முளைத்தன. சீனியரின் ஒரே மகனும் ஓடியவர்களில் ஒருவன். கம்ப்யூட்டர் படித்துவிட்டு அமெரிக்காவில் இருந்தான். அவன் அனுப்பிய பணத்தில் சித்தூரிலேயே கட்டமஞ்சியில் இருந்த சீனியர் வீட்டின் மேல் ஒரு மாடி எழும்பியது. சீனியருக்கு அதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. "யாரு குடியிருக்கப் போறா, காக்காவா?" என்று கேட்டார். மகன் கேட்கவில்லை. மொசைக் தரை, கலர் கண்ணாடி ஜன்னல் என்று எல்லாம் வந்து சேர்ந்தது. தெருவில் போகிற வருகிறவன் எல்லாம் அந்த மாடியை அண்ணாந்து பார்த்தான்.

எங்கள் ஆபீஸுக்கு அப்போது ஒரு பெரிய கேஸ் இருந்தது. கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி உள்ளே நடந்தால் ஒரு காலனி வரும். தமிழ் பேசுகிற ஜனம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் கழனியில் உழைத்தவர்களுக்கு, மலையடியில் கல்லும் முள்ளுமாகக் கிடந்த பூமியைச் சர்க்கார் பங்கு போட்டுக் கொடுத்திருந்தது. அவர்கள் கல்லைப் பொறுக்கி, கிணறு வெட்டி, வேர்க்கடலை போட்டார்கள். மழை பொய்த்த வருஷங்களில் வயிற்றுக்கு வழியில்லாமல் குடும்பம் குடும்பமாகச் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு போனதை, 'நிலத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்' என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள். கொடுத்த நிலத்தைத் திரும்ப எடுத்து ஒரு கல் கம்பெனிக்குக் கொடுக்க உத்தரவு வந்தது. பிழைக்கப் போனது குற்றமாம்! சீனியர் சித்தூர் கோர்ட்டில் வாதாடி அதற்கு ஸ்டே வாங்கியிருந்தார். ஸ்டே இருக்கிற வரை கம்பெனி வண்டி ஒன்றும் உள்ளே நுழைய முடியாது. ஸ்டே போனால் பூமி போச்சு.

அந்தக் கேஸ் விசாரணைக்கு வந்த காலையில்தான் சீனியர் விழுந்தார். கோர்ட்டுக்குக் கிளம்பி, கழுத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தவர் கண்ணாடி முன்னால் அப்படியே சரிந்திருக்கிறார். அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா ஆபீஸுக்குப் போன் செய்தார். ஓடுவதற்கு முன்னால் அந்த இன்னொரு ஜூனியரிடம், "சாருக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லி வாய்தா கேளுங்க, மறந்துடாதீங்க" என்றேன். "நீ போ, நான் நின்னுக்கிறேன்" என்றான். நானும் அம்மாவும் சீனியரை ஒரு வேனில் படுக்கவைத்துத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மா வழிநெடுக, "கண்ணைத் திறங்க, கண்ணைத் திறங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

உயிர் தங்கியது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. சொல்வது எல்லாம் அவருக்குப் புரிந்தது. கண்ணால் பதில் சொல்வார். வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும். வாதாடினால் கோர்ட் ஜன்னல் அதிரும் மனுஷன்! அவர் அப்படி வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்க மாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த அன்று கோர்ட்டில் கேஸைக் கூப்பிட்டபோது எங்கள் பக்கம் ஒருவரும் நிற்கவில்லை. வக்கீல் வராததால் கேஸ் தள்ளுபடி. ஸ்டேயும் அதோடு போச்சு. நின்னுக்கிறேன் என்று சொன்ன அந்தப் புண்ணியவான் கோர்ட் வாசல் வரை வந்து, காபி குடித்துவிட்டு, திருப்பதி பஸ் ஏறிப் போனதைக் குமாஸ்தா கண்ணால் பார்த்திருக்கிறார். கொஞ்ச நாளில் விஷயம் தெரிந்தது. அதே கல் கம்பெனியின் திருப்பதி ஆபீஸில் லீகல் ஆபீசர் நாற்காலி அவனுக்குத் தயாராக இருந்தது. அவன் அங்கே உட்கார, இங்கே காலனி நிலத்தில் மண் அள்ளும் வண்டிகள் இறங்கின.

தலை சாய்ந்த ஆபீஸ் காலியாக ரொம்ப நாள் பிடிக்காது. கட்சிக்காரர்கள் உடம்பு விசாரிக்கிற சாக்கில் ஆப்பிள் பையோடு வந்தார்கள், போகும்போது கேஸ் கட்டோடு போனார்கள். "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம்" என்று எல்லோரும் ஒரே பாட்டு. தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பது? மாம்பழ மண்டிக்காரர், வெல்ல மண்டிக்காரர், பாகப் பிரிவினைச் சகோதரர்கள் என்று ஒவ்வொருவராக வேறு வக்கீலிடம் போனார்கள். கோர்ட் வராந்தாவில் ஒரு மூத்த வக்கீல், "என்னம்மா, போர்டை எப்ப இறக்கப் போறே?" என்று கேட்டுவிட்டுப் பெரிய ஹாஸ்யம் சொன்னவர் மாதிரிச் சிரித்தார். குமாஸ்தா ஒரு நாள் சாவிக்கொத்தை என் மேஜையில் வைத்தார். அவருக்குத் தெலுங்கும் தமிழும் கலந்துதான் வரும். "மூசேத்தாம் மேடம். மரியாதையா மூடிட்டுப் போயிடலாம். இங்க இனிமே ஏமீ லேது, ஒண்ணும் இல்ல" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் எங்கள் ஊர்ப் பேச்சுதான் வாயில் வரும். "மூடறதுக்கு இது இன்னா பொட்டிக் கடையா? சாவிய எடுத்துக்கினு போயி நாளைக்கு இன்னா கேஸுன்னு பாருங்க!" என்று கத்தினேன். டைப் அடிக்கிற பெண் பயந்துபோய் அடிப்பதை நிறுத்திவிட்டாள். சாவிக்கொத்தை எடுத்துக் குமாஸ்தா கையில் திணித்தேன். எங்கள் மூன்று பேர் வீட்டு அடுப்பும் சீனியர் வீட்டு மருந்தும் அந்த இரண்டு அறையை நம்பித்தான் இருந்தன. அன்று முதல் நகரி, புத்தூர், சித்தூர் என்று பஸ் மாற்றி மாற்றி எல்லாக் கேஸுக்கும் நானே நின்றேன். தெரியாததைத் தெரியும் என்றேன். ஜட்ஜ் திட்டினால் வாங்கிக்கொண்டேன். ஆனால் காலனிக் கேஸ் கையை விட்டுப் போனால் மற்றவர்களும் மிஞ்சமாட்டார்கள் என்று தெரிந்திருந்தது. சுற்றுவட்டாரம் முழுக்க அந்தக் கேஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

தள்ளுபடியான கேஸைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனு போடச் சட்டத்தில் இடமுண்டு. அதற்குக் கொஞ்சம் அவகாசமும் உண்டு. காலனிக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஜட்ஜ் முன்னால் வந்து நின்று, நாங்கள் நிலத்தை விட்டுப் போகவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லி அனுப்பினேன். சென்னையிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்தார்கள். வந்தவர்கள் உள்ளே வராமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பேசுகிறவள் ஒரு விதவை. கேஸில் முதல் பெயர் அவளுடையது. சிமெண்ட் தின்று வெடித்துப்போன கைகள். புருஷனோடு சேர்ந்து அந்த நிலத்தில் கிணறு வெட்டியவள்.

"உள்ள வாங்கக்கா, மனுவுக்குக் கையெழுத்து போடணும்" என்றேன்.

"உள்ள வந்து இன்னாம்மா ஆவப் போவுது? எங்க பூமியில வண்டி வுட்டுக்கினு கீறான். கெணத்த தூத்துட்டான்."

"அதுக்குத்தான் மனு. நாள் கடந்துட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"போடறோம். ஆனா ஒண்ணு. ஐயா எங்கள வித்துட்டாரா இல்லையா? அது தெரியாம கை வெக்க மாட்டோம்."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. "மாடி மேல மாடி கட்டிக்கினாரு. அதே நேரத்துல எங்க கேஸு போச்சி. அன்னிக்கே சாமி அவரு வாயக் கட்டிட்சி. இன்னாம்மா இதெல்லாம்?"

மகன் அனுப்பிய பணம் என்றேன். அமெரிக்காவிலிருந்து வீடு கட்டப் பணம் வரும் என்பதை அவர்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. சென்னைக்குப் போன அவர்கள் பிள்ளைகள் அனுப்பியது அரிசிக்கே போதவில்லை. துரோகம் செய்தது ஜூனியர் என்றேன். "பெரியவரு சொல்லாம சின்னவன் செய்வானா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"காணிப்பாக்கத்துக்கு வந்து பிரமாணம் பண்ணட்டும்" என்றாள் அவள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

எங்கள் ஜில்லாவில் கோர்ட்டுக்கு மேலே ஒரு கோர்ட் காணிப்பாக்கம் பிள்ளையார். ஆடு களவு, வரப்புத் தகராறு, புருஷன் பெண்சாதி சந்தேகம், எது வந்தாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்பார்கள். கோயில் குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு சன்னிதியில் நிற்க வேண்டும். கர்ப்பூரம் ஏற்றுவார்கள். அது அணைவதற்குள், 'நான் செய்யவில்லை' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டல், சைகை எல்லாம் அங்கே செல்லாது. பொய் சொல்ல வந்தவனுக்கு அங்கே நாக்கு எழும்பாது என்பது ஜனங்களின் நம்பிக்கை. கோர்ட்டில் கூண்டேறிக் கூசாமல் புளுகுகிற எத்தனையோ பேர் அந்தக் குளத்துப் படியில் கால் வைக்காமல் திரும்பி ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். படித்தவள் என்று மூக்கைச் சுளிக்க எனக்கு யோக்யதை இல்லை. எங்கள் வீட்டிலும் அதே நம்பிக்கைதான்.

"நான் வந்து பண்றேங்க்கா" என்றேன்.

"நீ பண்ணி இன்னா? நேத்து வந்த பொண்ணு. ஐயா மனசுல இருக்கறது உனுக்கு இன்னா தெரியும்? அவரு சொல்லணும்."

"அவருக்குப் பேச்சே இல்லக்கா!"

"சாமி கட்டன வாய சாமிதான் அவுக்கணும்" என்றாள்.

மறுநாள் திருப்பதிக்கு பஸ் ஏறினேன். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய தலைகளாக இருந்தது பஸ் ஸ்டாண்ட். அவ்வளவு பக்தி நடுவில் எனக்கு மட்டும் ஒருவனை அடிக்கப் போகிற ஆவேசம். அந்த ஜூனியரின் கம்பெனி ஆபீஸில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா வா, உக்காரு, கூல்டிரிங்க் சொல்லட்டா?" என்றான். நான் உட்காரவில்லை.

"யோவ், அன்னிக்கு ஏன்யா கோர்ட்ல நிக்கல?"

"நிக்கல, அவ்ளோதான். இங்க வேலைக்கு முன்னாடியே பேசி வெச்சிருந்தேன். சீனியருக்குத் தெரியாது. எனக்கும் குடும்பம் இருக்கு. எத்தனை நாளைக்கு ஜெராக்ஸ் கடை மாடியிலயே உக்காந்திருக்கறது?"

"இதை அந்த ஜனங்ககிட்ட வந்து சொல்லு. ஒரே ஒரு தடவை. சீனியரை அவங்க சந்தேகப்படறாங்க."

அவன் சிரித்தான். "நான் வந்து சொன்னா என் வேலை என்ன ஆகும்? போ, போய் உன் பொழப்பைப் பாரு. நல்ல கம்பெனி ஏதாவது இருந்தா நானே சொல்றேன்" என்றான். என் கையில் செருப்பு மட்டும் இருந்திருந்தால்! காலில் இருந்ததால் தப்பித்தான்.

சீனியரிடம் இதையெல்லாம் சொல்லக் கூடாது என்றுதான் கட்டமஞ்சி வீட்டுக்குப் போனேன். ஆனால் அவர் கண்ணுக்கு முன்னால் என்னால் எதையும் மறைக்க முடிந்ததே இல்லை. கட்டிலில் படுத்தபடி இடது கையால் என்னை அருகில் கூப்பிட்டார். புருவத்தைத் தூக்கினார். கொட்டித் தீர்த்துவிட்டேன். ஜூனியர் சொன்னதைக் கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டார். காணிப்பாக்கம் என்றதும் கண்ணைத் திறந்து, இடது கையால் தன் மார்பைத் தட்டிக் காட்டினார். நான் வருகிறேன் என்று அர்த்தம்.

"வேணாம்" என்றார் அம்மா. "இத்தனை வருஷத்துல இவர் சேர்த்தது பேர் ஒண்ணுதான். அதைக் கொண்டுபோய் ஈரத்துணியோட நாலு பேர் முன்னாடி நிக்க வெக்கணுமா? நான் விடமாட்டேன்."

சீனியர் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் பிடிவாதம் ஜில்லா அறிந்தது. மறுநாள் காலையிலிருந்து பேசப் பழகத் தொடங்கினார். 'நான் விக்கல.' இரண்டே வார்த்தை. அம்மா குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லிக் கொடுப்பார். முதலில் காற்று வந்தது. பிறகு 'நா' வந்தது. ஒரு காலை நான் போனபோது வியர்வை வழிய, வாய் கோண, "நா... விக்... கல" என்றார். அம்மா அழுதுவிட்டார். அதன் பிறகு தினமும் ஒரு தடவையாவது சொன்னார். "பயமும் பதற்றமும் வந்தா மறுபடி நாக்கு கட்டிக்கும், ஜாக்கிரதை" என்று டாக்டர் எச்சரித்தார். மனு போடும் அவகாசம் கரைந்துகொண்டிருந்தது. அம்மா கடைசியில் இறங்கி வந்தார். "கூட்டிட்டுப் போ. ஆனா நான் வரல, அவர் அப்படி நிக்கறதை என்னால பாக்க முடியாது. அவர் பேருக்கு ஏதாவது ஆச்சோ, உன்னை நான் சும்மா விடமாட்டேன்" என்றார்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் வாடகைக் காரில் காணிப்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். காலனி ஜனம் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது. நானும் குமாஸ்தாவும் சீனியரைத் தாங்கிக் குளத்துப் படியில் உட்கார வைத்தோம். மார்கழிக் குளிர். குமாஸ்தா சொம்பால் மொண்டு தலையில் ஊற்ற ஊற்ற அவர் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. போதும் சார், திரும்பிவிடலாம் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நாற்காலி கொண்டுவருகிறேன் என்றார் ஒருவர். அதற்கும் தலையை ஆட்டினார். ஈர வேட்டியோடு, ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் குமாஸ்தாவும் பிடித்திருக்க, நின்றே சன்னிதிக்கு வந்தார்.

கர்ப்பூரம் ஏற்றினார்கள். அந்த அக்கா எதிரே வந்து நின்றாள். குரலில் கோபம் இல்லை. "ஐயா, எங்கள வித்தீங்களா? இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. அது போதும் எங்களுக்கு."

சீனியர் வாயைத் திறந்தார். தாடை ஆடியது. கழுத்து நரம்பு புடைத்தது. காற்று வந்தது. இன்னொரு தடவை முயன்றார். 'நா' கூட வரவில்லை. சொல்லுங்க சார், சொல்லுங்க சார் என்று நான் மனசுக்குள் கதறினேன். என் தோளில் இருந்த அவர் பாரம் கூடிக்கொண்டே போனது. கர்ப்பூரம் அணைந்தது.

இது குளிர், இது நோய், வீட்டில் இவர் சொன்னதை நான் காதால் கேட்டேன் என்று கத்தத் திரும்பினேன். வாயைத் திறப்பதற்குள் அவருடைய இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அப்படி ஒரு பிடி. நிமிர்ந்து பார்த்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்த ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் நானும் பார்த்தேன். அவர்கள் முகத்தில் வெறுப்பு இல்லை. பல பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

அந்த அக்கா முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள். "வுடுங்கய்யா. எத்தினி பேரு வந்து கூசாம சொல்லிட்டுப் போறான். நீங்க சாமி முன்னாடி பொய் சொல்லல. அதுவே பெரிசு. வயித்துக்குத்தான எல்லாம்? நாங்க ஒண்ணியும் மனசுல வெச்சிக்க மாட்டோம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ எங்க கேஸ நடத்தும்மா. பாவம் இன்னியோட கழிஞ்சிபோச்சி. எங்க கை வெக்கணும், சொல்லு."

கார் பானட்டின் மேல் தாளைப் பரப்பி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், ரேகை வைத்தார்கள். சீனியர் ஈரத் துணியோடு பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆள் வைத்து முடிக்கும் வரை துணி மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. திரும்பும் வழியில், "ஏன் சார் என்னைப் பிடிச்சீங்க? ஏன் சார்?" என்று சண்டை போட்டேன். அழுதேன். அவர் என் மடியில் இருந்த தாள்களை இடது கையால் மெல்லத் தட்டிக் காட்டினார். இது வேண்டும், என் பேர் போனால் போகட்டும். அதைத்தான் சொன்னார். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

அம்மா வாசலில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துகொண்டார். நடந்ததை நான் சொல்லச் சொல்ல, அவர் சீனியரையே பார்த்தார். "உங்களுக்குப் பைத்தியமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதன் பிறகு ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை.

மனு எடுபட்டது. காலனிக்காரர்கள் கோர்ட் வராந்தா நிறைய வந்து நின்றதைப் பார்த்தபின் ஜட்ஜால் அவர்கள் ஊரை விட்டுப் போனவர்கள் என்று சொல்ல முடியவில்லை. ஸ்டே திரும்ப வந்தது, வண்டிகள் நின்றன. மலையடி ஓரம் கொஞ்சம் அறுபட்டுப் போயிருந்தது. மற்றதெல்லாம் தப்பியது. காலனிக் கேஸ் நின்றதைப் பார்த்து மற்ற கட்சிக்காரர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். குமாஸ்தா சாவியைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. போர்டில் சீனியர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினோம். ஆபீஸ் பிழைத்தது.

ஆனால் காணிப்பாக்கத்துச் செய்தி அதே வேகத்தில் பரவியது. கோர்ட் வராந்தாவில், "உங்க சீனியர் ஒத்துக்கிட்டாராமே?" என்று கேட்டார்கள். அதே மூத்த வக்கீல், "நாங்க எல்லாம் மனசுக்குள்ள நெனச்சதுதான்" என்றார். கேஸ் கட்டை மேஜையில் ஓங்கி அடித்துவிட்டு வெளியே வந்தேன். பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது சாயங்காலத்துக்குள் காலனிக்குப் போகும். ஐயா சாமி முன்னால் ஒத்துக்கொண்டார் என்ற ஒன்றின் மேல்தான் அவர்கள் என்னை நம்பி நின்றார்கள். சீனியர் பிடித்த பிடி மணிக்கட்டிலேயே இருப்பது போல வாயை மூடிக்கொண்டேன். கட்டமஞ்சி வீட்டுக்குச் சாயங்காலம் வந்து பேசிப்போகிற நண்பர்கள் வருவதை நிறுத்தினார்கள். அவரும் பேசப் பழகுவதை நிறுத்திவிட்டார். அம்மா சொல்லிக் கொடுக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

தீர்ப்பு வருவதற்கு முன்பே சீனியர் போய்விட்டார். காலனி ஜனம் வேன் பிடித்து வந்து தெருவே நிறைய உட்கார்ந்து அழுதது. வேஷமில்லாத அழுகை. அந்த அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு யாருதான்மா பண்ணல? ஐயா மாதிரி ஒத்துக்கற மனுசன் எங்க கீறான்?" என்றாள். அம்மா கையை உதறவில்லை. அவள் தலைக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் இன்னும் பயப்படுகிறேன்.

எல்லோரும் போனபின் அம்மா என்னைக் கூப்பிட்டார். "அவர் தன் பேரை விட்டுக் கொடுத்தார், நானும் வாயைத் திறக்கல. கேஸ் முடியட்டும். முடிஞ்ச அன்னிக்கே நீ போய் அந்த ஜனங்ககிட்ட உண்மையைச் சொல்லணும். எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றார்.

கேஸ் இழுத்துக்கொண்டே போய் ஒரு வழியாக முடிந்தது. நிலம் அவர்களுடையதுதான் என்று தீர்ப்பு. நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் கோர்ட்டிலிருந்து நேராக பஸ் ஏறினேன். காலனியில் ஒரே கொண்டாட்டம். மேளம் அடித்தார்கள், என் கழுத்தில் மாலை போட்டார்கள். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு, ஒன்று விடாமல் சொன்னேன். ஜூனியர் திருப்பதியில் தன் வாயால் ஒப்புக்கொண்டது, மகன் கட்டிய மாடி, வீட்டில் தினமும் சீனியர் சொல்லிப் பழகியது, சன்னிதியில் என் கையைப் பிடித்தது, கார் சீட்டில் தாள்களைத் தட்டிக் காட்டியது. வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் எந்தக் கோர்ட்டிலும் வாதாடியதில்லை.

எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். அந்த அக்கா என் முதுகைத் தடவினாள். "நீ இப்டி வந்து சொல்லுவன்னு எனுக்குத் தெரியும்மா. உன்ன ஆளாக்கினவராச்சே. நீ சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

"ஐயோ, அக்கா! உண்மையைத்தான் சொல்றேன்!"

"நாங்க அங்கியே நின்னுக்கினு இருந்தோமே தாயி. கண்ணால பாத்தோமே. அவர நாங்க அன்னிக்கே மன்னிச்சிட்டோம்."

"மன்னிக்க ஒண்ணுமே இல்லக்கா!" என்று கத்தினேன். என் குரல் உடைந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம் இந்தப் பொண்ணு என்ற பார்வை. "கத்தாத. காலையில இருந்து ஒண்ணியும் துன்னல போல. வா, வந்து ரெண்டு வாய் துன்னு" என்று இலை போட்டார்கள். கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சோறு இறங்கவில்லை.

கட்டமஞ்சிக்குத் திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரம். அம்மா கூடத்தில் நாற்காலியில் எனக்காகக் காத்திருந்தார். "ஜெயிச்சாச்சும்மா" என்றேன்.

"அதைக் குமாஸ்தா சொல்லிட்டார். நீ அங்க போனியா?"

"போனேன். எல்லாத்தையும் சொன்னேன்."

"நம்பினாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் காலனிக்குப் போய்க் கேட்கப் போவதில்லை. என் வாயில் வரவில்லை. "இல்லம்மா" என்றேன்.

அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அப்ப இன்னிக்குத்தாண்டி அவர் செத்தார்" என்றார்.